கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) நர்ஸுக்கு எது கற்றுக்கொடுக்கிறது?

நைட்டூட்டி சிஸ்டர்:
போன மாதம் எங்க கேஷுவாலிட்டியில் ஒருவர் மூச்சில்லாமல் சரிந்தார். குழந்தைகள் வார்டிலிருந்து அன்றுதான் மாறி வந்த ஜூனியர் நர்ஸ் தங்கச்சி நெஞ்சை அழுத்தினாள். ஆனால் மானிட்டரைப் பார்க்க நிறுத்தி நிறுத்தி அழுத்தினாள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்று கேட்டால் ஒப்பிப்பாள், அவள் பி.எஸ்சி. படித்தவள். டிப்ளமோ படித்த எனக்கு அங்கே நின்ற 11 வருஷம்தான் பாடம். படிப்பால் இது வராது.

நர்சிங் டியூட்டர்:
இதை ஏற்க முடியாது சிஸ்டர். அனுபவம் தப்பையும் சேர்த்தே பழக்கும். பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்த உறைவு சோதனை இருக்கிறதே, ரத்தம் உறையாவிட்டால் விஷம் ஏறியதாக அர்த்தம். அதை சோப்பில் கழுவிய டியூபில் எடுக்கும் சீனியர்களைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் டியூபிலும் எடுக்கிறார்கள். நடுவில் சாய்த்துப் பார்க்கிறார்கள். சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடி டியூப், 20 நிமிடம் ஆடாமல் இருக்கணும். இல்லாவிட்டால் விஷம் ஏறாதவருக்கும் ஏறியதாகக் காட்டிவிடும். காரணம் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார்.

பிஹெச்சி நர்ஸ்:
அக்கா, மேடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பிஹெச்சி) இருக்கிற என் நிலைமையையும் கேளுங்க. ராத்திரி நான் ஒருத்திதான், டாக்டர் போனில். பிரசவ வலியில் ஒருத்தர் இருக்கும்போதே பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கிட்டு வருவாங்க. பயிற்சிக்கு என் பேர் ரெண்டு தடவை வந்தது, மாற்று ஆள் இல்லைன்னு அனுப்பலை. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற அம்பு பேக் பூட்டின அலமாரியில், சாவி இன்சார்ஜிடம். எனக்குத் தெரிஞ்சும் என்ன பண்ண?

நைட்டூட்டி சிஸ்டர்:
டியூப் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனால் மேடம், நீங்க கடைசியா கேஷுவாலிட்டியில் நின்றது எப்போ?

நர்சிங் டியூட்டர்:
9 வருஷம் ஆச்சு. அது குறைதான். ஆனால் நான் அனுப்பும் பிள்ளைகளை பிபி பார்க்கச் சொல்லி ஓரத்தில் நிறுத்துவது யார்? உங்களைப் போன்ற சீனியர்கள்தான். நெஞ்சை அழுத்தும் பயிற்சிச் சான்றிதழ் 2 வருஷம் செல்லும், கைப்பழக்கம் சில மாதத்திலேயே மங்கிவிடும். அழுத்திப் பார்க்காமல் எப்படித் தங்கும்?

நைட்டூட்டி சிஸ்டர்:
ஓரத்தில் நிறுத்தியது உண்மை. உயிர் போகும் நேரத்தில் அவள் கையைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. கல்லூரி லேபில் பூட்டியிருக்கும் பயிற்சிப் பொம்மையை எங்க பக்கம் அனுப்புங்க. ஷிப்ட் மாறும்போது ஆளுக்கு 2 நிமிடம் அழுத்தட்டும், நானே பார்க்கிறேன். ஆனால் முதல் 3 மாதம் புதியவரைத் தனியாக விடக்கூடாது, அதில் மாறமாட்டேன்.

பிஹெச்சி நர்ஸ்:
என்கூட அந்த 3 மாதம் யார் நிப்பாங்க, அக்கா?