பொருள்: லாடச் சிறுநீரகம் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

(சாட்ஸ்வொர்த்)
தென்னாப்பிரிக்கத் தமிழ் மடற்குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சிறுநீரகப் புற்றுக்கு அறுவை செய்துகொள்ளும் பெரியவர்களுக்கான விளக்கத்தாளைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிலருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பிறவியிலேயே கீழ்முனையில் ஒட்டியிருக்கும். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு. கருவில் மேலேறும்போது குடலுக்குப் போகும் கீழ்த்தமனி தடுத்துவிடுவதால் தாழ்ந்தே நின்றுவிடும். இரத்தக்குழாய்களும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் கத்தி வைக்கும் முன் குழாய்களை சிடி ஸ்கேனில் பார்த்துவிடுகிறார்கள். குதிரைலாடம் போல வளைந்திருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு "ஹார்ஸ்ஷூ கிட்னி" என்று பெயர். தமிழில் "லாடச் சிறுநீரகம்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
தம்பி, லகரம் மொழிமுதல் வாராது. தொல்காப்பியம் படித்தவர்கள் இதை விடலாமா? "இலாடம்" என்றாலும் ஒட்டுப்போட்ட சொல்தான். வாய் மேல்நோக்கி வளைந்த வடிவம் நமக்குப் புதிதா? சிவன் சடையில் இருப்பது அதுதானே. "பிறைச் சிறுநீரகம்" என்று வையுங்கள். "சிறுநீரகம்" என்பதே பின்னால் வந்த சொல். "குண்டிக்காய்" என்ற பழைய சொல் சித்த மருத்துவத்திலும் கறிக்கடையிலும் இன்னும் இருக்கிறது. அதை ஏன் கைவிட்டோம்?

(ஃபீனிக்ஸ்)
ஐயா, குண்டிக்காய் விவாதத்தைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம். பிறை நடுவில் தடித்து நுனியில் மெலியும். இது நேர்மாறு: இரு பக்கமும் தடித்த சிறுநீரகம், நடுவில் மெல்லிய பாலம். அந்தப் பாலத்தைப் பிரித்துத்தான் புற்றுள்ள பாதியை எடுத்து மற்றதைக் காப்பாற்றுகிறார்கள். சிறுநீர்க்குழாய்கள் பாலத்துக்கு முன்னால் இறங்குவதால் அவை வெட்டுப்படாமல் பார்க்க வேண்டும். வடிவம் தவறினால் நோயாளிக்கு எங்கே வெட்டு என்றே புரியாது. லாடத்தை இங்குள்ள பிள்ளைகள் கண்டதில்லை. "ப வடிவச் சிறுநீரகம்" போதுமே! தமிழ் வகுப்பில் முதல் ஆண்டுக் குழந்தைக்கும் ப தெரியும்.

இன்னொன்று. முற்றிய நோயில் புற்று சிறுநீரகச் சிரைக்குள் வளர்ந்து, உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப் பெருஞ்சிரை வரை ஏறுவதைத் தாளில் "இரத்த உறைவு" என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி எழுதினால் இரத்தம் இளக்கும் மாத்திரையில் கரைந்துவிடும் என்று நினைப்பார்கள். அது புற்றுத்திசு, சிரையைத் திறந்து வெளியே எடுக்க வேண்டியது. "சிரைப்புற்று நீட்சி" என்று திருத்துங்கள், தயவுசெய்து.

(சாட்ஸ்வொர்த்)
அக்கா, "சிரைப்புற்று நீட்சி"யை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதில் வாதமே இல்லை. முதல் சொல்லுக்கு வந்த மடல்களில் பெரும்பான்மை லாடத்துக்கே. மருத்துவர் வாயிலும் குதிரைலாடம்தான் வருகிறது. தாளும் அதையே சொன்னால் நோயாளி தடுமாறமாட்டார். அதனால் "லாடச் சிறுநீரகம்", பக்கத்தில் "ப வடிவில் இணைந்தது" என்று ஒரு விளக்கம்.

(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் இகரமாவது சேருங்கள். "இலாடம்" என்று எழுதினால் யாருக்குப் புரியாமல் போகும்?