பாதில நிக்கிற படத்த குரூப்ல காட்டியே ஆகணுமா?

ஈரத்தாள்:
சென்னைல எங்க வாட்டர்கலர் குரூப்ல புது ரூல் போட்டிருக்காங்க, ஞாயித்துக்கிழமை கூடுறப்ப இனிமே முடிஞ்ச படம் கொண்டு வரக்கூடாதாம், பாதி வேலைல இருக்கறததான் வைக்கணுமாம். எனக்கு சுத்தமா ஒத்துக்கல. போன தடவ ஒரு அக்கா மயிலாப்பூர் தெப்பக்குளம் போட்டுட்டு இருந்தாங்க, தண்ணில வெயில் பட்டு மின்னுற இடத்த பேப்பர் வெள்ளையாவே விட்டு வச்சிருந்தாங்க. நாலு பேர் சுத்தி நின்னு "அங்க காலியா இருக்கே, ஏதாச்சும் போடுங்க"ன்னு சொல்ல, அவங்களும் அங்கயே உக்காந்து நீலத்த இழுத்து விட்டுட்டாங்க. போச்சு. அது தாலோ ப்ளூ வேற, பேப்பர்ல ஏறிடுச்சுன்னா எவ்ளோ தேச்சாலும் முழுசா வராது.

கரித்துண்டு:
யாரோ சொன்னாங்கன்னு உடனே பிரஷ்ஷ எடுத்தா ரூல் என்னங்க பண்ணும்? ப்ரேம் போட்டு கொண்டு வர்றவங்ககிட்ட "சூப்பர்ங்க"ன்றத தவிர எவன் வாய தொறப்பான். பென்சில் ஸ்டேஜ்ல குடத்தோட வாய் ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு சொன்னா ரப்பர் போதும், கலர் அடிச்சப்புறம் சொன்னா சண்டைதான் வரும். ரெண்டு மணி நேரம் ஒரே படத்த பாத்துட்டு இருந்தா நம்ம கண்ணுக்கு சாஞ்சதும் நேராதான் தெரியும்.

ஆயில்காரன்:
வாட்டர்கலர்காரங்க புலம்பல் எனக்கு புரியவே மாட்டேங்குது 😀 ஆயில்ல பிரவுன் வச்சு வெளிச்சம் நிழல் மட்டும் போட்ட ஸ்டேஜ்ல கொண்டு வந்து வைங்க, யார் என்ன சொன்னாலும் மேல போட்டு மாத்திக்கலாம். 1937ல பிக்காசோ குவெர்னிகாங்கற படத்த போட்டப்ப அவரோட சிநேகிதி, போட்டோகிராபர் டோரா மார் ஸ்டேஜ் பை ஸ்டேஜா போட்டோ எடுத்திருக்காங்க, மொதல்ல முஷ்டி மடக்கி தூக்குன கை ஒண்ணு இருக்கும், கடைசில அது இல்ல.

ஈரத்தாள்:
அந்த கைய பிக்காசோ அவரா பாத்து எடுத்து விட்டாரு, நாலு பேர்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தியா எடுத்து விட்டாரு? வான்கோ கதைய சொல்றேன் கேளுங்க, 1885ல உருளைக்கிழங்கு சாப்பிடுறவங்க படத்த லித்தோகிராப் (கல்லச்சு) பண்ணி ஓவியர் சிநேகிதன் ரப்பார்டுக்கு அனுப்புனாரு, அந்தாளு கிழிகிழின்னு கிழிச்சு லெட்டர் போட்டாரு, அதோட சிநேகிதமே முறிஞ்சு போச்சு.

மெட்ராஸ்பிரஷ்:
அதே வான்கோதான் தம்பி தியோவுக்கு எழுதுன லெட்டர்ல போட்டுட்டிருக்கற படத்தயெல்லாம் குட்டியா வரைஞ்சு வரைஞ்சு அனுப்பிட்டு இருந்தாரு, அதயும் சேத்து சொல்லுங்க. ரொம்ப தூரம் போவானேன், 1966ல ஓவியர் பணிக்கர் ஆரம்பிச்ச சோழமண்டலம் ஓவியர் கிராமம் நம்ம ஈஞ்சம்பாக்கத்துலதான இருக்கு. பாத்திக் துணி பண்ணி வித்து அந்த காசுல பொழப்ப ஓட்டிக்கிட்டே படம் போட்ட ஆளுங்க, அக்கம்பக்கத்து வீடு, முடிக்கற வரைக்கும் யார் கண்ணுலயும் படாமயா வச்சிருந்திருப்பாங்க?

ஈரத்தாள்:
அவங்கள்லாம் பெரும்பாலும் ஒரே ஓவியக் காலேஜ்லேர்ந்து வந்தவங்க சார், ஒருத்தர் கைவேல இன்னொருத்தருக்கு அத்துப்படி. எங்க குரூப்ல ஐடிகாரங்க, காலேஜ் பொண்ணுங்க, ரிட்டையர்டு ஆளுங்கன்னு கலவையா இருக்கோம். பெரியவர் ஒருத்தர் "இப்டி குடும்மா"ன்னு பிரஷ்ஷ கைலேர்ந்து வாங்கி அடுத்தவங்க படத்துல அவரே மரம் போடுறாரு, வயசுக்கு மரியாத குடுத்து எல்லாரும் கம்முனு நிக்கிறோம். அத மொதல்ல யாராச்சும் கேளுங்க.

கரித்துண்டு:
அதுக்கு மட்டும் தடை போடுங்க, நானே ஆதரிக்கிறேன். அடுத்தவங்க படத்துல கை வைக்கக்கூடாது, அவ்ளோதான். காட்டுறவங்க ஒரே ஒரு கேள்விய எடுத்துட்டு வரட்டும், "முன்னாடி இருக்கற படகு ரொம்ப கனமா தெரியுதா"ன்ற மாதிரி, அதுக்கு மட்டும் பதில் சொல்லுவோம். டோன், அதாவது வெளிச்சம் நிழல் அளவு, சரியா இருக்கான்னு பாக்க குரூப்பே வேணாம், போன்ல போட்டோ எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்ல பாத்தா தெரிஞ்சிடும்.

ஆயில்காரன்:
வாட்ஸாப்ல பாதி படத்த பார்வர்ட் பண்றதுக்கும் சேத்து தடை போடுங்கப்பா. நம்ம ஐடியா நமக்கு முன்னாடி எக்ஸிபிஷன் போயிடுது.

ஈரத்தாள்:
மொதல் வாஷ், அதான் தண்ணியா அடிக்கிற மொத கலர் பூச்சு, வரைக்கும் காட்டுறேன், அதுக்கு மேல வீட்லதான். இல்ல ரூல்னா ரூல்தான்னு சொன்னாங்கன்னா முடிஞ்ச படத்தயே கொண்டு வந்து வைப்பேன், என்ன பண்றாங்கன்னு பாக்கலாம்.

மெட்ராஸ்பிரஷ்:
வைங்க, பாதிதான்னு நெனச்சு பெரியவர் வந்து மரம் போடுவாரு 😂