பழைய கருவி ஒன்றால் மொத்த வைஃபையும் படுத்த அனுபவம் உண்டா?

எம்.சி. ரோடு வயர்மேன்:

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். தீபாவளிக்கு முன்னால் முதலாளி போன் செய்தார். "சூரத்காரர் வீடியோ கால்ல சேலை காட்டுறார், பதினோரு மணிக்கு மேல படம் அப்படியே நிக்குது தம்பி."

போய்ப் பார்த்தால், அந்த நேரத்தில்தான் மாடி குடோனில் ஸ்டாக் எடுக்க ஸ்கேனரை ஆன் செய்கிறார்கள். செங்கல் கனம், பேட்டரி மூடிக்கு ரப்பர் பேண்ட். உள்ளே இருப்பது 802.11பி என்ற பழைய வைஃபை. 1999-ல் வந்த தரம், உச்ச வேகமே 11 எம்பிபிஎஸ்.

அது அனுப்புவது வெறும் பார்கோடு எண்கள்தான். தொல்லை வேறு இடத்தில். 2003-ல் வந்த ஜி தரம் (உச்ச வேகம் 54 எம்பிபிஎஸ்) ஓஎஃப்டிஎம் என்ற புது அலை முறையில் பேசும். பி-க்கு அந்த பாஷை தெரியாது, லைன் காலி என்று நினைத்துக் குறுக்கே பேசிவிடும். அதனால் மற்ற கருவிகள் ஒவ்வொரு தடவையும் "நான் பேசப்போறேன், சும்மா இரு" என்று பழைய பாஷையில் சிடிஎஸ் என்ற குட்டி அறிவிப்பை அனுப்பிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். 1 எம்பிபிஎஸ்ஸில் அந்த அறிவிப்புக்கு மட்டும் சுமார் 0.3 மில்லிசெகண்ட். 54-ல் போகிற 1500 பைட் டேட்டா பாக்கெட்டுக்கோ அவ்வளவுகூட ஆகாது! கல்யாணத்தைவிட மைக் டெஸ்டிங் பெரிசு.

புது ரூட்டர் வாங்கி, பி-யை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் ஸ்கேனர் இணையவே இல்லை. கடையில் தீபாவளிக் கூட்டம். வாங்கிக் கட்டிக்கொண்டது போதும், இங்கே எழுத வேண்டாம்.

பழைய ரூட்டரையே குடோனில் மாட்டி ஸ்கேனருக்கு மட்டும் விட்டேன். அப்பவும் கால் சிக்கியது. இரண்டு ரூட்டருமே சேனல் 6, அதாவது ஒரே அலைப் பாதை. பக்கத்தில் பி ஓடுவது காதில் விழுந்தாலே புது ரூட்டரும் பயந்து அறிவிக்க ஆரம்பித்துவிடும். பழையதை 1-க்கும் புதியதை 11-க்கும் தள்ளின பிறகுதான் சேலை நகர்ந்தது. முதலாளி லேப்டாப்பில் பி எட்டாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடையாது, இல்லையென்றால் இவ்வளவு பாடு இல்லை.

தண்டையார்பேட்டை டீச்சர்:

எங்கள் வீட்டில் பி எல்லாம் இல்லை தம்பி, ஆனாலும் இதே கதை. பையனின் பழைய லேப்டாப் பின்கட்டு ரூமில் அப்டேட் இறக்க ஆரம்பித்தால் என் ஆன்லைன் வகுப்பு நின்றுவிடும். நடுவில் இரண்டு சுவர்.

திருவொற்றியூர் வாசி:

டீச்சர், உங்களுடையது வேற நோய். சிக்னல் இளைத்தால் லேப்டாப் 1 எம்பிபிஎஸ் வரைக்கும்கூட இறங்கும். அப்போது ஒரு 1500 பைட் பாக்கெட்டுக்கு 12 மில்லிசெகண்டுக்கு மேல். 54-ல் இருக்கும் உங்கள் போனுக்கு அதே பாக்கெட் கால் மில்லிசெகண்ட். ஆளுக்கொரு பாக்கெட் என்று ரூட்டர் நியாயம் பார்த்தால், நேரம் முழுக்கப் பையனுக்குத்தான். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் சில்லறை எண்ணுகிற மாதிரி. செட்டிங்கில் "ஏர்டைம் ஃபேர்னஸ்" இருக்கிறதா பாருங்கள். அது பாக்கெட்டை விட்டு நேரத்தைப் பங்கு போடும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

இருந்தது, டிக் போட்டேன். வகுப்பு ஓடுகிறது. இப்போது அப்டேட் முடியவே இல்லை என்று பையன் கத்துகிறான்.

எம்.சி. ரோடு வயர்மேன்:

ரூட்டரை ஹாலிலிருந்து நடுக்கட்டுக்கு மாற்றுங்கள் டீச்சர், ஒரு சுவர் குறையும். அப்புறம், அந்த ஸ்கேனரை மாற்றலாமே என்று முதலாளியிடம் மறுபடி சொல்லிப் பார்த்தேன். "நல்லாத்தானேப்பா ஓடுது" என்று புது ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டார்.