நேரோபோட் (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடுற ஒடுக்கமான நீளப் படகு): புரொப்பெல்லரில் ஏதோ சுற்றிக்கிச்சு, எப்படி எடுப்பது?

பர்மிங்ஹாம் கால்வாயில் எஞ்சின் திணறுது, கறுப்புப் புகை, படகு நகரவே மாட்டேங்குது. என்ன செய்யலாம்?

— சில நொடி ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. பாலித்தீன் பை என்றால் சில சமயம் தானே கழன்றுடும். இல்லையா, கரையில் கட்டுங்க. எஞ்சினை அணைச்சு, சாவியை உருவிப் பையில் போட்டுக்கிட்டு, பின்பக்கம் புரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கிற வீட் ஹேட்ச், அதாவது புரொப்பெல்லரைக் கையால் எட்டுறதுக்கான மூடி போட்ட திறப்பு, அதைத் திறங்க. துணி, கயிறுக்கு ரொட்டி அறுக்கிற பல்கத்தி போதும். கம்பிக்கு கட்டர்.

— கையுறை போடுங்க, தூண்டில் முள் இருக்கும். தண்ணியில் கலந்த எலி மூத்திரத்தால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரலாம்; காயத்தை மூடுங்க, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்க.

— ஹேட்ச் மூடியை மறந்துடாதீங்க! கேஸ்கெட் (கசிவைத் தடுக்கிற பட்டை) சரியா உட்காரலைன்னா, கியர் போட்டதும் புரொப்பெல்லர் தண்ணியை உள்ளே அடிக்கும். எஞ்சின் அறை நிறைஞ்சு படகே மூழ்கும். மூடியோட திருகை இறுக்கி, மெதுவா கியர் போட்டு, ஒழுகுதான்னு பார்த்த பிறகே கிளம்புங்க.