வளைகாப்பு மெனுவில் எட்டாவது வரி

சூளகிரி அத்தை: சமையல்காரர் அனுப்பிய மெனுவைப் பார்த்தீர்களா? எட்டாவது வரி. ஆய்ஸ்டர் மஞ்சூரியன்.

சூளகிரி அத்தை: பேரன் போனில் தேடிப் பார்த்தான். கடல் சிப்பியாம்!! சம்பந்தி வீட்டில் முட்டைகூடத் தொட மாட்டார்கள்.

ஓசூர் மாமா: நமக்குக் கறி கிடையாது, அவர்களுக்குச் சிப்பியா 😂

பாலக்கோடு சித்தி: அண்ணி, அது சிப்பிக் காளான். நம் ஷெட்டில் விளைந்தது.

சூளகிரி அத்தை: அப்படியானால் காளான் என்று எழுத என்ன கேடு?

பென்னாகரம் பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். ஆய்ஸ்டர் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். எலும்புக்கான சொல்லோடு உறவு உள்ளது, சிப்பியின் மேலோடு காரணமாகத்தான். சாப்பிடுகிற சிப்பியை நம் கடற்கரையில் ஆளி என்பார்கள். முத்துச்சிப்பி வேறு, ஆளிக்குத் தூரத்துச் சொந்தம். கொற்கைக் காலத்திலிருந்து மன்னார் வளைகுடாவில் எடுத்தது அதைத்தான். தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. அடுத்து

தர்மபுரி அக்கா: ஆளி விதையா பெரியப்பா? முடி கொட்டுவது நிற்கும் என்றார்கள். தினமும் ஒரு ஸ்பூன். ஒன்றும் நிற்கவில்லை.

பென்னாகரம் பெரியப்பா: அது வேறு ஆளி. முடிக்க விடுங்கள். விரிந்தால் சிப்பி ஓடு மாதிரி இருப்பதால்தான் காளானுக்கு அந்தப் பெயர்.

ஓசூர் மாமா: கோழியிலும் ஆய்ஸ்டர் உண்டு. தொடை முதுகோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு சின்னத் துண்டு. மெத்தென்று இருக்கும்.

பாலக்கோடு சித்தி: அண்ணா, சைவ விசேஷம் 🙏

லண்டன் தம்பி: நான் ஆய்ஸ்டரைத் தொட்டுத்தான் ரயிலே ஏறுகிறேன். 2003லிருந்து இங்கே பயண அட்டைக்கு அந்தப் பெயர்.

சூளகிரி அத்தை: நீ வருகிறாயா இல்லையா? இவள் கல்யாணத்துக்கும் இப்படித்தான் கதை சொன்னாய்.

லண்டன் தம்பி: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

தர்மபுரி அக்கா: ஷெட்டில் இப்போது காளான் வருகிறதா சித்தப்பா? போன சித்திரையில் எல்லாம் காய்ந்துவிட்டதே.

பாலக்கோடு சித்தப்பா: 30 டிகிரியைத் தாண்டினால் மொட்டு கருகிவிடும். இப்போது சுற்றிலும் சாக்கு கட்டி நனைக்கிறேன். வைக்கோலை வேகவைத்து, பையில் அடுக்கி, வித்து போட்டு 25 நாள். முதல் பறிப்பே விசேஷத்துக்குத்தான்.

பென்னாகரம் பெரியப்பா: அந்த ஷெட்டுக்கு யார் பணம் கொடுத்தார் என்று நான் பேச மாட்டேன்.

பாலக்கோடு சித்தப்பா: பேசிவிட்டீர்களே அண்ணா.

சூளகிரி அத்தை: சரி, காளான் என்றே இருக்கட்டும்.

தர்மபுரி அக்கா: ஒரு நிமிஷம் அத்தை. மஞ்சூரியனில் ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றினால்? அது நிஜமான சிப்பியைக் காய்ச்சிச் செய்வது.

பென்னாகரம் பெரியப்பா: ஆமாம். தென் சீனாவில் 1888இல் சிப்பி வேகவைத்த தண்ணீர் சுண்டிப்போய் வந்தது என்பார்கள். காளானில் செய்த சைவ சாஸும் கடையில் கிடைக்கிறது.

பாலக்கோடு சித்தி: 😳

சூளகிரி அத்தை: நான் சொன்னபோது சிரித்தீர்கள்.

பாலக்கோடு சித்தப்பா: சமையல்காரர் போனை எடுக்கவில்லை.

ஓசூர் மாமா: பேசாமல் களியும் காளான் குழம்பும் போடுங்கள்.

பாலக்கோடு சித்தி: வளைகாப்புக்குக் களியா??

தர்மபுரி அக்கா: பிரியாணி?

பாலக்கோடு சித்தப்பா: எதுவானாலும் 10 கிலோ காளான் ஓட வேண்டும். விடிந்ததும் அவர் வீட்டுக்கே போய்க் கேட்கிறேன்.

சூளகிரி அத்தை: சாஸ் பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பு.

லண்டன் தம்பி: டிக்கெட் பார்க்கிறேன் அத்தை.

ஓசூர் மாமா: எந்த ஆய்ஸ்டரில்? 😂

தர்மபுரி அக்கா: ஆளி விதை அரைக் கிலோ மீதி இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?