புதுப்பிப்பு: மலை இறக்கத்தில் அமுங்கிய பிரேக் பெடல், தீர்ந்தது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது என் டர்போ செடானின் பிரேக் பெடல் பஞ்சாக அமுங்குகிறது, பெரிய பிரேக் கிட் போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. பழையது டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. ஆயில் சூடேறிக் கொதித்தால் குமிழி வந்து பெடல் அமுங்கும். டாட் 4 என்ற ஆயில் தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155தான். டாட் 5.1-க்கு 260, 180. அதை ஊற்றி, முன்பக்கம் நல்ல பிரேக் பேடும் போட்டேன். (டாட் 5 வேறு, சிலிகோன் ஆயில், கலந்துவிடாதீர்கள்.) மறுபடி இறங்கியபோது கடைசி வளைவு வரை பெடல் ஒரே உயரத்தில் நின்றது.

எதிர்பாராதது: காலையில் முதல் இரண்டு மிதிக்குப் பேட் கீச்சிடுகிறது, வீலெல்லாம் கருப்புத் தூள். கிட்டுக்கு வைத்த பணம் டயருக்குப் போகிறது.