ஒரே பவர்பாயிண்ட் கோப்பு, மூன்று வகுப்புகள்: நிறுத்திய இடத்தை எப்படிக் குறித்துவைப்பது?

கேள்வி

வணக்கம். மேல்நிலைப் பள்ளியொன்றில் விலங்கியல் கற்பிக்கிறேன். 'உடல் திரவங்கள் மற்றும் சுற்றோட்டம்' பாடத்துக்கு நான் தயாரித்த பவர்பாயிண்ட் கோப்பில் 164 ஸ்லைடுகள் உள்ளன. ஒரு பாடவேளைக்கு இருபது ஸ்லைடுகள் நகர்ந்தாலே பெரிது. இதே கோப்பைக் கொண்டு பதினொன்றாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் நடத்துவதால், அ பிரிவு ஈரிதழ் வால்வுக்கு வந்திருக்கும்போது இ பிரிவு இரத்த வகைகளைக்கூடத் தாண்டியிருக்காது. மறுநாள் முதல் ஸ்லைடிலிருந்து தட்டித் தட்டி வரும்போது, ஒரு தட்டு கூடிப்போனாலும், நான் கேட்கவிருக்கும் கேள்விக்கான விடை திரையில் வந்துவிடுகிறது. மாணவர்கள் யோசிக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. வேர்டில் உள்ளதுபோல் புக்மார்க் வைக்க வழியுண்டா? பள்ளிக் கணினியில் இருப்பது 2016 பதிப்பு.

பதில் 1

வணக்கம் அம்மா. பவர்பாயிண்டில் 'ஆட் புக்மார்க்' என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஸ்லைடில் வைத்த ஒலி, காணொளிக் கோப்புகளுக்குள் ஓர் இடத்தைக் குறிப்பதற்கு மட்டுமே, ஸ்லைடுகளுக்கு உதவாது. நிறுத்திய ஸ்லைடின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் எஃப்5 அழுத்திக் காட்சியைத் தொடங்கியபின் அந்த எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சில நாள்கள் அப்படித்தான் செய்தேன். ஆனால் நடுவில் புதிய படங்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால் எண்கள் மாறிவிடுகின்றன. 57 என்று குறித்துவைத்த இடத்தில் நேற்று வேறொரு படம் வந்து நின்றது.

பதில் 2

புதிய பதிப்புகளில் 'ஸூம்' என்னும் வசதி இதற்கு அழகாகப் பொருந்தும். 2016 பதிப்பில் அது இருக்காது. உங்களுக்கு இணைப்புகளே போதும். கோப்புக்குள்ளேயே கொடுக்கும் இணைப்பு எண்ணைப் பற்றிக்கொண்டிருப்பதில்லை, அந்த ஸ்லைடையே பற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்லைடு எங்கே நகர்ந்தாலும் இணைப்பும் கூடவே போகும்.

இதைப் பயன்படுத்தி, நான் பயிற்சி வகுப்புகளில் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். பிரிவுக்கொன்றாக மூன்று வெற்று ஸ்லைடுகளைச் சேர்த்து, 'அ பிரிவு', 'ஆ பிரிவு', 'இ பிரிவு' என்று தலைப்புப் பெட்டியிலேயே எழுதுங்கள். தலைப்பு இல்லாவிட்டால் இணைப்புப் பட்டியலில் வெறும் எண்தான் தெரியும். மூன்றின் மீதும் வலது சொடுக்கி 'ஹைட் ஸ்லைடு' கொடுத்துவிட்டால், பாடம் வரிசையாக ஓடும்போது அவை குறுக்கே வரமாட்டா. பிறகு முதல் ஸ்லைடில் மூன்று கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் கே அழுத்தி, 'பிளேஸ் இன் திஸ் டாக்குமென்ட்' பகுதியில் உரிய ஸ்லைடைத் தேர்வுசெய்யுங்கள். மறைத்துவைத்த ஸ்லைடாக இருந்தாலும் இணைப்பைச் சொடுக்கினால் அது திறக்கும்.

மணி அடித்ததும் எஸ்கேப் அழுத்தினால், நிறுத்திய ஸ்லைடிலேயே இருப்பீர்கள். இடப்பக்கப் பட்டையில் அந்தப் பிரிவின் அடையாள ஸ்லைடை இழுத்து அதற்கு அடுத்தபடியாக வைத்து, மறக்காமல் சேமித்துவிடுங்கள். அவ்வளவுதான், இணைப்பைத் தொடவே வேண்டியதில்லை. அன்று கடைசியாகக் கேட்ட கேள்வியையும் அதே ஸ்லைடில் எழுதிவைத்தால் மறுநாள் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

கேட்டவர்

இன்று அ பிரிவில் செய்து பார்த்தேன் ஐயா. கட்டத்தைச் சொடுக்கியதும், நேற்று நான் எழுதிவைத்த 'இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமனாக இருக்கிறது?' என்ற கேள்வி திரையில் வந்தது. நான் வாய் திறக்கும் முன்பே இரண்டு பேர் கை தூக்கிவிட்டார்கள். ஒரே ஒரு சிக்கல்தான்: கட்டத்துக்குச் சற்று வெளியே சொடுக்கினால் இரண்டாவது ஸ்லைடுக்குப் போய்விடுகிறது.

பதில் 2

முதல் ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து, 'டிரான்ஸிஷன்ஸ்' பட்டியில் 'ஆன் மவுஸ் கிளிக்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அதன்பின் அந்த ஸ்லைடில் கட்டங்களுக்கு வெளியே சொடுக்கினால் எதுவும் நகராது. விசைப்பலகை அம்புக்குறி மட்டும் வழக்கம்போல் வேலை செய்யும்.

கேட்டவர்

குறியை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. மிகவும் நன்றி ஐயா. நாளை ஆ, இ பிரிவுகளுக்கும் இதே கோப்பைத்தான் எடுத்துச் செல்கிறேன்.